துபாய் 24 மணி நேர கார் பந்தயம்: கராஜ் வரிசையைப் பார்க்கப் பயிற்சி நாளே சரி

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமார் அணி, ஒரே மாதிரி போர்ஷே கார்கள் ஓடும் 992 வகுப்பில் மூன்றாவதாக வந்தது. அதற்குப் பிறகு புதுச்சேரி, கடலூர் பக்கத்து ஒர்க்‌ஷாப்களில் துபாய் பயணப் பேச்சு அடிக்கடி கேட்கிறது. போவது நல்லதுதான். ஆனால் போகிறவர்களில் பலர் சனி, ஞாயிறு பந்தயத்தை மட்டும் கணக்குப் போட்டு விமானச் சீட்டு எடுக்கிறார்கள். ஸ்பேனர் பிடித்துப் பழகிய கைக்கு அது பெரிய நஷ்டம். பந்தயத்தன்று கார் ஓடுவதைப் பார்க்கலாம். அது ஏன் நிற்கிறது, நின்றதும் யார் எங்கே கை வைக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டுமானால், அதற்கு முந்தைய பயிற்சி நாட்களில் கராஜ் வரிசைக்குப் பின்னால் நடக்க வேண்டும்.

துபாய் ஆட்டோட்ரோம் 2004இல் திறந்த ஓடுதளம், ஒரு சுற்று 5.39 கிலோமீட்டர். இந்த 24 மணி நேரப் பந்தயம் 2006இல் தொடங்கியது. நடத்துவது நெதர்லாந்தின் கிரெவென்டிக் நிறுவனம், தன் நீண்ட நேரப் பந்தயத் தொடரின் ஒரு பகுதியாக. பார்வையாளர்களை பேடாக் வரைக்கும் விடும் பழக்கம் இவர்கள் தொடரின் நல்ல குணம். எந்தப் பகுதிக்கு எந்தப் பாஸ் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வேறுபாட்டை மட்டும் மனதில் வையுங்கள்: பேடாக் என்பது கராஜ்களின் பின்பக்கம், பிட் லேன் என்பது முன்பக்கம். கார்கள் ஓடும் நேரத்தில் பிட் லேன் பொதுமக்களுக்கு மூடியிருக்கும். அது பெரிய இழப்பில்லை. வேலை நடப்பதெல்லாம் பின்பக்கத்தில்தான்.

முதலில் போக வேண்டிய இடம் பெட்ரோல் பங்க். ஆச்சரியமாக இருக்கும். மற்ற பல நீண்ட நேரப் பந்தயங்களில் அணி தன் கராஜ் வாசலிலேயே பெட்ரோல் ஊற்றும். இந்தத் தொடரில் அப்படி இல்லை. எல்லாக் கார்களுக்கும் பொதுவாக ஒரு பங்க் இருக்கிறது. பிட் லேனுக்குள் வந்த கார் அங்கே போய், நம்மூர் பங்க்கில் இருப்பது போன்ற குழாயில் நிரப்பிக்கொண்டு, டயர் மாற்ற வேண்டுமானால் தன் கராஜுக்கு வர வேண்டும். பெட்ரோல் விலை வித்தியாசத்துக்காகப் புதுச்சேரி எல்லையான முள்ளோடை வரைக்கும் வண்டியை விட்டு, பங்க்கில் வரிசையில் நின்று பழகிய கடலூர்க்காரருக்கு இதன் கணக்கு சட்டென்று பிடிபடும். பங்க்கில் கூட்டம் இருந்தால் ஓடுதளத்தில் சேமித்த பத்து விநாடியும் அங்கேயே கரைந்துவிடும். ஆகவே அணிகள் பயிற்சியின்போதே பங்க்குக்குள் நுழைவதையும், குழாய்க்கு நேராகக் காரை நிறுத்துவதையும் ஒத்திகை பார்க்கின்றன. அரை மீட்டர் தள்ளி நின்றால் குழாய் எட்டாது. பின்னால் தள்ள ஆள் வர வேண்டும். நிரப்புபவரும் தீயணைப்பான் பிடித்தவரும் தீ தாங்கும் உடை, முகமூடியோடு நிற்பார்கள். எட்ட நின்று பாருங்கள். ஒரு அரை மணி நேரம் கவனித்தாலே எந்த அணி தயாராக வந்திருக்கிறது, எது இன்னும் தடுமாறுகிறது என்று சொல்லிவிடலாம்.

அடுத்தது டயர். இங்கே அவசரப்படாதீர்கள். பேடாக்கில் கற்றுக்கொள்ள அதிகம் இருப்பது இந்த இடத்தில்தான். கார் உள்ளே வந்ததும் ஒருவர் ஊசி முனையுள்ள வெப்பமானியோடு குனிவார். டயரின் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடத்தில் ரப்பருக்குள் குத்தி எடுத்து எழுதுவார். மேல்தோல் சூடு நொடியில் மாறிவிடும். உள்ளே குத்தினால்தான் உண்மை தெரியும். நடுப்பகுதி மட்டும் அதிகச் சூடு என்றால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் சூடாகி நடு குளிர்ந்திருந்தால் காற்று குறைவு. உள் ஓரம் ரொம்பவும் சூடாகியிருந்தால் கேம்பர், அதாவது சக்கரத்தின் உட்சாய்வு, அதிகம். நம்மூர் அலைன்மென்ட் கடையில் டயர் தேய்ந்த பிறகு கையால் தடவிக் கண்டுபிடிக்கும் அதே விஷயத்தை, இவர்கள் தேய்வதற்கு முன்பே எண்ணாகப் பார்க்கிறார்கள்.

காற்றழுத்தக் கணக்கையும் கவனியுங்கள். ஜிடி கார்களின் (சாலைக் காரை அடிப்படையாக வைத்துச் செய்த பந்தயக் கார்கள்) ஸ்லிக் டயரை, அதாவது பள்ளக் கோடுகள் இல்லாத டயரை, குளிர்ந்த நிலையில் 1.5 பார் சுற்றி வைத்து அனுப்புவார்கள், அதாவது ஏறக்குறைய 22 பிஎஸ்ஐ. ஓடிச் சூடேறியதும் 1.8, 1.9 பாரில் நிற்க வேண்டும் என்பது கணக்கு. உள்ளே இருக்கும் காற்று 10 டிகிரி சூடேறினால் அழுத்தம் 0.08 முதல் 0.09 பார் வரை ஏறும். 25 டிகிரியில் 1.45 பார் வைத்த டயருக்குள் காற்று 75 டிகிரியைத் தொட்டால் 1.86 பார் காட்டும். இதனால்தான் வெயிலில் அடுக்கிய டயர்கள் மேல் துணி போர்த்தியிருப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டுச் சூடேறிய டயரில் 'குளிர்ந்த அழுத்தம்' என்று எழுதும் எண் பொய். அந்த எண்ணை நம்பிக் காற்றைக் குறைத்தால் முதல் சில சுற்றுகளில் டயர் தளர்ந்து, கார் திருப்பத்தில் மிதக்கும். இரவில் தார் குளிர்வதால் டயர் அவ்வளவு சூடேறாது. அதற்கு ஈடாகத் தொடக்க அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டி அனுப்புவார்கள்.

பக்கத்திலேயே ஹாட் ஏர் கன்னும் தகடும் வைத்துக்கொண்டு டயரைச் சுரண்டும் ஒருவரைப் பார்க்கலாம். ஓடுதள ஓரத்தில் உதிர்ந்து கிடக்கும் ரப்பர் துணுக்குகள் சூடான டயரில் ஒட்டிக்கொள்ளும். அவை இருக்கும்வரை டயரின் உண்மையான தேய்மானத்தை அளக்க முடியாது. டயர் மேல் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். அவற்றின் ஆழத்தை அளந்துதான் இன்னும் எத்தனை சுற்று தாங்கும் என்று கணக்கிடுவார்கள். சுரண்டாமல் அளந்தால் அந்தக் கணக்கே தப்பு.

துபாய்க்கே உரிய தொந்தரவு மணல். இரவுக் காற்றில் வந்து படிந்த மணல் காலைப் பயிற்சியில் பிடிமானத்தைக் கெடுக்கும். கடலூர் சில்வர் பீச் சாலையில் காற்றடித்த மறுநாள் காலை பைக் ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கார்கள் ஓட ஓட ஒரு கோடு மட்டும் சுத்தமாகி, அதன் இருபுறமும் வழுக்கலாகவே இருக்கும். முதல் பயிற்சியின் நேரத்தை வைத்து எந்த அணியையும் எடை போடாதீர்கள். இந்த நேரத்தில் கராஜில் ரேடியேட்டர் வலையை ஊதிச் சுத்தம் செய்வதையும், காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்ப்பதையும் காணலாம். முன் கண்ணாடியில் பல அடுக்காக மெல்லிய ஃபிலிம் ஒட்டியிருக்கும். மணல் உரசிக் கண்ணாடி மங்கியதும் மேல் அடுக்கை உரித்துவிட்டால் தெளிவாகிவிடும். அடுக்கை ஓரம் மடித்து விடாமல் ஒட்டினால் இரவில் கையுறையோடு உரிக்க வராது. சின்ன விஷயம்தான், ஆனால் நல்ல அணிக்கு இது தெரியும்.

பிரேக்கிலிருந்து புகை வரும் காரைப் பார்த்துப் பதறாதீர்கள். புதுப் பேடையும் டிஸ்க்கையும் பதப்படுத்துகிறார்கள். சில சுற்றுகள் மெல்ல மெல்ல அழுத்தி, சூட்டை ஏற்றி, பிறகு காற்றில் ஆறவிட்டு எடுத்து வைத்துவிடுவார்கள். பந்தய இரவில் மாற்ற வேண்டி வந்தால் பதமான செட் கையில் இருக்கும். பதப்படுத்தாத பேடை நடுராத்திரி மாட்டினால் முதல் பெரிய பிரேக்கிலேயே மேல்தளம் கண்ணாடி போல இறுகி, பிடிக்காமல் போகும். டிஸ்க்கின் விளிம்பில் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என மூன்று கோடு பெயின்ட் தெரிந்தால் நின்று பாருங்கள். பச்சை 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560இலும், சிவப்பு 610இலும் நிறம் மாறும். எந்தக் கோடு வரை மாறியிருக்கிறது என்று பார்த்து, முன்புறக் காற்றுக் குழாய் வாயில் டேப் ஒட்டுவார்கள் அல்லது கிழிப்பார்கள்.

கராஜ் தரையில் மட்டம் பிடித்த நான்கு தகடுகள் மேல் கார் நின்றால் எடை பார்க்கிறார்கள் என்று பொருள். ஓட்டுநர் எடைக்குச் சமமான பாரத்தை இருக்கையில் வைத்து, நான்கு சக்கர எடையையும் படித்து, ஸ்ப்ரிங் தளத்தைத் திருகிச் சரிசெய்வார்கள். தரை ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் எண்கள் ஏமாற்றும். அதனால் லேசர் வைத்து முதலில் தகடுகளை மட்டம் பார்ப்பதுதான் வேலையில் பாதி. காரின் இருபுறமும் நூல் கட்டியிருந்தால் டோ, அதாவது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவை, அளக்கிறார்கள். லட்சக்கணக்கில் இயந்திரம் வாங்க முடியாத நம் பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர்கள் இந்த நூல் முறையைக் கட்டாயம் பார்த்து வர வேண்டும். இரண்டு நூலும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதும், காரின் நடுக்கோட்டுக்குச் சமதூரத்தில் இருப்பதும் போதும். ஒரு எஃகு அளவுகோல் மீதியைச் சொல்லிவிடும்.

எந்தக் கராஜ் வாசலில் நேரம் செலவிடுவது? ஜிடி வகையில் வேகமான ஜிடி3 அணிகளின் முன் கூட்டம் நிற்கும். சத்தத்துக்காக ஒரு தடவை போகலாம்: மெர்சிடிஸ் ஏஎம்ஜியின் 6.2 லிட்டர் வி8 உறுமலும், போர்ஷேயின் 4.2 லிட்டர் ஃப்ளாட் சிக்ஸ் அலறலும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்தறியலாம். ஆனால் அங்கே பழுதான பாகத்தைக் கழற்றி, புதியதை மாட்டிவிடுவார்கள். பார்க்க அதிகமில்லை. 992 வகுப்பு அதைவிட நல்லது. அஜித் அணி ஓட்டிய போர்ஷே 911 ஜிடி3 கப் கார் இந்த வகுப்புதான்: 3,996 சிசி, டர்போ இல்லை, சுமார் 510 குதிரைத்திறன். எல்லோருக்கும் ஒரே கார் என்பதால் வித்தியாசம் முழுக்க அமைப்பிலும் ஆட்களிலும்தான். சக்கரத்துக்கு ஒரே ஒரு நடு நட். வீட்டுக் காரின் போல்ட்டுக்குக் கொடுக்கும் முறுக்குவிசையைப் போல நான்கைந்து மடங்கு இதற்கு வேண்டும். கோணலாகப் பிடித்து நட் முறுக்கும் கன்னை அமுக்கினால் மரை போய்விடும். அதனால்தான் மெக்கானிக் முதலில் நட்டைக் கையால் உட்கார வைக்கிறார். ஆயில் பார்ப்பதையும் கவனியுங்கள். டிரை சம்ப் (ஆயில் தனித் தொட்டியில் இருக்கும் அமைப்பு) என்பதால், சூடான எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளவு பார்ப்பார்கள். நிறுத்திவிட்டுப் பார்த்தால் ஆயில் இடம் மாறி, எண் தவறாகிவிடும்.

கடைசியாகச் சொன்னாலும் எங்கள் முதல் தேர்வு: டிசிஆர், ஜிடி3யைவிட எளிய ஜிடி4 வகுப்புகளின் சிறு அணிகள். டிசிஆர் என்பது 2 லிட்டர் டர்போ, முன்சக்கர இழுவை. ஹோண்டா சிவிக், ஆடி ஆர்எஸ்3 போல நமக்குத் தெரிந்த உருவம். பணம் குறைவு, அதனால் மாற்றுவதைவிடச் சரிசெய்வது அதிகம். வளைந்த தகட்டைத் தட்டி நிமிர்த்துவதையும், ஒயரிங் பழுதை மல்டிமீட்டரோடு தேடுவதையும் இங்கே பார்க்கலாம். புதுச்சேரி மேட்டுப்பாளையம் லாரி முனையத்துக்குப் பக்கத்துப் பட்டறையில் வேலை செய்கிறவர் இங்கே அந்நியமாக உணர மாட்டார். பேசவும் இவர்கள்தான் தயங்குவதில்லை.

பேசுவதற்கு நேரம் உண்டு. பயிற்சி தொடங்குவதற்கு முந்தைய இருபது நிமிடமும், கார் உள்ளே வந்த முதல் பத்து நிமிடமும் யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது. பயிற்சி முடிந்து அரை மணி கழித்து, கை துடைத்துக்கொண்டு நிற்கும்போது கேளுங்கள். "கார் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் சிரிப்புதான் பதில். "சூடான அழுத்தம் எவ்வளவு வைக்கிறீர்கள்?" என்று கேட்டால் பேச்சு வளரும். லேப்டாப் திரையைப் படமெடுக்காதீர்கள். தரையில் ஒட்டிய டேப்பைத் தாண்டாதீர்கள். உஸ்ஸென்று பெரிய சத்தம் கேட்டால் ஏர் ஜாக்கில் (காற்றழுத்தத்தால் காரைத் தூக்கும் அமைப்பு) கார் மேலெழுகிறது அல்லது இறங்குகிறது என்று பொருள், இரண்டடி பின்னால் வாருங்கள். டயருக்கு அடிக்கும் காற்றைவிடப் பத்து மடங்குக்கும் மேலான அழுத்தம் அந்தக் குழாயில் இருக்கிறது. ஸ்டாண்ட் வைக்காமல் காருக்கு அடியில் ஒருவரும் கை நீட்டுவதில்லை என்பதையும் பாருங்கள். நம் பட்டறைகள் இன்றைக்கே எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் அது.

பயிற்சி ஏதோ விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். 2025இல் அஜித்தின் கார் தடுப்பில் மோதிச் சுழன்றதும் பயிற்சியில்தான். அவருக்குக் காயமில்லை. அதே வாரத்தில் அணி காரைத் தயார் செய்து பந்தயத்தில் ஓட்டியது. விபத்து நடந்தால் ஓடுதளத்தில் 'கோட் 60' வரும்: ஊதாக் கொடி, எல்லோரும் மணிக்கு 60 கிலோமீட்டர். மற்றவர்கள் மெதுவாகச் சுற்றும் அந்த நேரத்தில் பங்க்குக்குப் போனால் நேர இழப்பு குறைவு. அதனால் கொடி காட்டிய அடுத்த நொடி பங்க் நிரம்பிவிடும். பயிற்சியில் ஒரு கோட் 60 வந்தால், உடனே பங்க் பக்கம் நடங்கள்.

எடுத்துச் செல்ல வேண்டியவை சில. மூடிய காலணி. நுரைக் காதடைப்பான்: விரலால் மெல்லியதாக உருட்டி, மற்றொரு கையால் காது மடலை மேலே இழுத்து உள்ளே விட்டு, அரை நிமிடம் பிடித்தால்தான் அது விரிந்து அடைக்கும். சும்மா செருகினால் பயனில்லை. குழந்தைகளுக்குக் காதை மூடும் ஹெட்செட் வாங்குங்கள். ஜனவரியில் பகல் இதமாக இருக்கும். பொழுது சாய்ந்தால் நம் மார்கழிக் குளிரைவிடக் கூடுதல், ஒரு ஸ்வெட்டர் வேண்டும். மெட்ரோ வாசல்வரை வராது. மால் ஆஃப் தி எமிரேட்ஸ் நிலையத்தில் இறங்கி டாக்சி பிடிப்பது எளிது. தமிழ்ச் சாப்பாட்டுக்கு துபாயின் கராமா பகுதியில் தங்கினால் கவலையில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டார், பிரான்ஸின் புகழ்பெற்ற 24 மணி நேரப் பந்தயத்தை நினைத்து, "லு மான் போய்விடலாமே" என்பார்கள். பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து டிஜிவி அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம்தான். 13.626 கிலோமீட்டர் சுற்று, பார்க்க வேண்டிய இடம். ஆனால் 2023 நூற்றாண்டுப் பந்தயத்துக்கு வந்த கூட்டம் 3,25,000. அந்த நெரிசலில் கராஜ் வாசலில் நின்று டயர்காரரிடம் பேச முடியாது. கற்றுக்கொள்ள துபாய், கொண்டாட லு மான். இரண்டுக்கும் முன்பாக, சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் தேசியப் போட்டி நடக்கும் ஒரு வார இறுதியில் போய் வந்தால் பேடாக் எப்படி இயங்குகிறது என்ற பழக்கம் வந்துவிடும்.

ஒரே ஒரு நாள்தான் முடியும் என்றால் இரவுப் பயிற்சி உள்ள நாளைத் தேர்ந்தெடுங்கள். மாலை நான்கு மணிக்கு உள்ளே போனால் டயர் வேலையை வெளிச்சத்தில் பார்க்கலாம். ஆறு மணிக்கு இருட்டிவிடும். அப்போது கராஜ் சுவரில் கோடு போட்டு முன்விளக்கின் உயரத்தைச் சரிசெய்வார்கள். காரில் பெட்ரோல் முழுக்க இருந்தால் டேங்க் உள்ள பக்கம் தாழ்ந்து ஒளியின் உயரம் மாறும், அதனால் டேங்க் பாதியாக இருக்கும்போது அளப்பது நல்லது. பிறகு கதவு எண் பலகைக்கு ஒளி வருகிறதா என்று பார்ப்பார்கள், ஓட்டுநர் மாற்றத்தை இருட்டில் ஒத்திகை பார்ப்பார்கள்: பெல்ட், ரேடியோ பிளக், தண்ணீர்க் குழாய், ஜன்னல் வலை. ரேடியோ பிளக்கைத்தான் பெரும்பாலும் மறப்பார்கள். அந்த ஒத்திகை முடிகிற வரைக்கும் இருந்துவிட்டு, வாசலில் கூட்டம் சேர்வதற்குள் டாக்சிக்குச் சொல்லிவிடுங்கள்.