பரீட்சை என்று ஓர் அத்தியாயத்தையே அனுப்பினால் தொடாதீர்கள்

மெய்ப்புப் பார்க்கிற, பிரதி செம்மையாக்குகிற வேலையைத் தொழிலாக்கிக்கொள்ள நினைக்கும் இலங்கை மலையகப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

2023இல், மலையக மக்கள் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த 200 ஆண்டு நினைவை ஒட்டி எங்கு பார்த்தாலும் மலர், கட்டுரைத் தொகுப்பு, வரலாற்று நூல் என்று வந்துகொண்டிருந்தன. அந்த நேரம் வட்ஸ்அப்பில் ஓர் அறிவித்தல் கண்ணில் பட்டது. கொழும்புப் பதிப்பகம் ஒன்றுக்கு நிரந்தரப் பிரதி செம்மையாளர் தேவை, மாதச் சம்பளம், வீட்டிலிருந்தே செய்யலாம். ஹட்டனுக்குப் போகவே அரை நாள் பஸ்ஸில் கழியும் தோட்டத்தில் இருக்கும் எனக்கு அதைவிட என்ன வேண்டும்? அன்றிரவே விண்ணப்பித்தேன்.

மறுநாளே பதிப்பகத்துக்காரர் ஒருவர் கோல் எடுத்தார். "தங்கச்சி, உங்க தமிழ் நல்லா இருக்கு. சும்மா ஒரு சின்னப் பரீட்சை மட்டும் வைக்கிறோம்" என்றார். "சரி சேர்" என்றேன். வந்தது 41 பக்க அத்தியாயம்.

அந்தப் பிரதி பழைய பாமினி எழுத்துருவிலிருந்து யுனிகோடுக்கு மாற்றப்பட்டிருந்தது. இந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும் அது என்ன பாடு என்று. 'வெளியீடு' என்ற சொல்லில் கொம்பும் ளகரமும் ஒட்டி ஒற்றை ஔகாரக் குறியாகிவிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, தேடினால் மட்டும் சொல் அகப்படாது. ரகரம் வரவேண்டிய இடத்தில் துணைக்கால் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றாகக் கையால்தான் எடுக்க வேண்டும்.

அதையும் தாண்டி உள்ளடக்கத்தில் ஒரு பெரிய பிழை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும் 1974 சிறிமா–இந்திரா ஒப்பந்தத்தையும் ஆசிரியர் ஒன்றாகக் கலந்துவிட்டிருந்தார். எந்த நாட்டுக் குடிமக்கள் என்று 1964இல் முடிவு செய்யாமல் விட்ட 150,000 மலையக மக்களைத்தான் 1974இல் இலங்கையும் இந்தியாவும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. எங்கள் தாத்தாவின் தம்பி குடும்பம் இந்த ஒப்பந்தங்களில்தான் இந்தியாவுக்குப் போனது. அந்தப் பந்தியை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. நூல்களைத் தேடி எடுத்து, எண்ணிக்கைகளைச் சரிபார்த்து, பந்தியையே திருத்தி எழுதினேன்.

ஒன்பது நாள் ஆனது. நாங்கள் இருக்கும் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், சிக்னல் இல்லாததால் மேலே கோயிலடிக்கு ஏறிப்போய்த்தான் கோப்பை அனுப்பினேன். அம்மா அப்போது ஒரு நாள் பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, 1,000 ரூபாய்க்குக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஒன்பது நாளும் அம்மாவின் சம்பளத்தில்தான் சாப்பிட்டேன், போனுக்கு ரீலோட் போட்டேன். இதைச் சொல்லும்போது இப்போதும் தொண்டை அடைக்கிறது.

"வேலை உறுதி தங்கச்சி, மாதக் கடைசியில் கடிதம் வரும்" என்றார் அந்தப் பதிப்பகத்துக்காரர். அப்புறம் கோலுக்குப் பதில் இல்லை.

ஏழு மாதம் கழித்து ஹட்டனில் ஒரு புத்தகக் கடையில் அந்த நூலைப் பார்த்தேன். நான்காம் அத்தியாயம் முழுக்க நான் திருத்தியது. 1974 பந்தி என் வசனத்திலேயே இருந்தது. செம்மையாக்கம் என்ற இடத்தில் அவருடைய பெயர். அங்கேயே நின்று மற்ற அத்தியாயங்களையும் புரட்டினேன். தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பதற்கு நான் 'பெரட்டு' என்று வைத்த சொல் அடுத்த அத்தியாயத்தில் 'பிரட்டு' ஆகியிருந்தது. ஓரிடத்தில் 'லயம்', இன்னோரிடத்தில் 'இலயம்', வேறோரிடத்தில் 'லைன்'. ஒருவர் பார்த்த நூலில் இப்படி அத்தியாயத்துக்கு அத்தியாயம் எழுத்து மாறாது. ஆளுக்கொரு அத்தியாயத்தைப் பரீட்சை என்று கொடுத்து முழு நூலையும் சல்லிக்காசு செலவில்லாமல் முடித்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. விசாரித்ததில் பண்டாரவளையில் ஒரு அக்கா ஆறாம் அத்தியாயம் செய்திருந்தார். இப்போது ஐந்து பேராகிவிட்டோம். எல்லோருக்கும் ஒரே வாக்குறுதி. வேலை ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

நேர்மையான பரீட்சை இரண்டு மூன்று பக்கம்தான் இருக்கும், எல்லா விண்ணப்பதாரருக்கும் ஒரே பகுதியைத்தான் கொடுப்பார்கள். அப்போதுதான் ஒருவரை ஒருவரோடு ஒப்பிட முடியும். அதற்கு மேல் கேட்டால் அது வேலை, கூலி கேளுங்கள். கூலியையும் பக்கக் கணக்கில் பேசாதீர்கள். எழுத்தைச் சிறிதாக்கி 60 பக்கத்தை 40 ஆக்கிவிடலாம். சொற்களின் எண்ணிக்கைக்குப் பேசுங்கள், பாதியை முன்பணமாக வாங்குங்கள்.

முக்கியமாக, கோலில் பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, "ஆம்" என்று ஒரு பதிலாவது வாங்கி வையுங்கள். நான் செய்யாமல் விட்டது இதைத்தான். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டப்படி மின்னஞ்சலுக்கும் சட்ட மதிப்பு உண்டு. எழுத்தில் உள்ள உடன்படிக்கை மீறப்பட்டால் வழக்குப் போட ஆறு வருடம் இருக்கிறது, வாய்ப்பேச்சுக்கு மூன்றே வருடம். ஆசை காட்டிப் பேசுகிறவர்கள் ஏன் எதையும் எழுத்தில் தருவதில்லை என்று எனக்கு இப்போது புரிகிறது.

பிணக்குகளை நீதிமன்றம் போகாமல் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்கு முறைப்பாடு கொடுத்தேன். இரண்டு தவணைக்கும் அவர் வரவில்லை. இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் கையில் இருக்கிறது. நீதிமன்றம் போகலாம், ஆனால் தனியாகச் செலவைத் தாங்க முடியாது. நூலில் ஒன்பது அத்தியாயங்கள். 1, 3, 8, 9 ஆகியவற்றைத் திருத்தியவர்களை இன்னும் தேடுகிறோம். 2023இல் மலையக வரலாறு பற்றிய ஓர் அத்தியாயத்தைப் 'பரீட்சை'யாகச் செய்து கொடுத்தவர் யாராவது இதைப் படித்தால், அனுப்பிய கோப்பை அழித்துவிடாமல் எனக்கு உள்பெட்டியில் ஒரு செய்தி போடுங்கள்.