கல்லூரியைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று வேன் வந்தால் ஏறாதீர்கள்: எங்கள் 4,350 வெள்ளி (ரிங்கிட்) போன விதம்

நேற்று மாலை ஐந்தரை மணிக்கு அந்தத் தனியார் கல்லூரியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மொத்தமே நாலு வரி. கட்டிய பணம் திரும்பத் தரப்படாதாம், விவகாரம் இத்துடன் முடிந்ததாம். இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. சூடு ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போனது போகட்டும் என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொள்வேன். அப்புறம் என்னைப்போல இன்னொரு அம்மா அதே வேனில் ஏறுவாள்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தையல் வேலை செய்கிறேன். கடை என்று தனியாக இல்லை, வீட்டு முன்பக்கத்தில் இரண்டு மிஷின், அவ்வளவுதான். வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். எங்கள் இருவர் வீட்டுத் தாத்தாமாரும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவர் இரண்டு பக்கமும் கிடையாது. மூத்த மகள் பள்ளிக் கடைசித் தேர்வான எஸ்.பி.எம். நல்லபடியாக எழுதினாள். பிசியோதெரபி படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. என் அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது மருத்துவமனையில் ஒரு மலாய்க்காரப் பெண் தினமும் வந்து, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிப் பழக்கினார். மூன்றாவது மாதம் அப்பா தானே தேத்தண்ணிக் குவளையைப் பிடித்தார். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் இவள். அந்த ஆசையைத்தான் 4,350 வெள்ளிக்கு விலை பேசினார்கள்.

அப்போது எஸ்.பி.எம். முடிவு வந்துவிட்டது, அரசாங்க உயர்கல்வி இடத்துக்குப் போட்ட யு.பி.யு. விண்ணப்பத்தின் முடிவு வரவில்லை. இந்த இடைப்பட்ட நாட்கள்தான் இந்தத் தனியார் கல்லூரிக்காரர்களுக்கு அறுவடைக் காலம். அரசாங்கத்தில் இடம் கிடைக்குமா, எங்கே கிடைக்கும் என்று ஒன்றும் தெரியாது. பிள்ளை போனையே வெறித்துக்கொண்டிருப்பாள். கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் "பொண்ணு என்ன படிக்கப் போகுது?" என்று கேட்பார்கள். அந்த நேரம் பார்த்து ஊர் மண்டபத்தில் ஒரு கல்விக் கண்காட்சி நடந்தது. போனோம். கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியின் மேசையில் நம் தமிழ்ப் பையன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் எழுதினோம். அடுத்த சனிக்கிழமை இலவச வேன், இலவசப் பசியாறல், கல்லூரியைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாயங்காலமே திரும்பிவிடலாம் என்றார்.

விடியற்காலை ஆறு மணிக்கு வேன் வந்தது. ஆறு குடும்பம். லிந்தாங் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனும் மகனும், கோல கங்சாரிலிருந்து ஓர் அம்மா, பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஒரு பாட்டி, இன்னும் இரண்டு குடும்பங்கள், நாங்கள். தாப்பா ஓய்விடத்தில் நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தார்கள். எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டுதான் போனோம்.

கல்லூரி என்று இறக்கிய இடம் ஒரு கடைவீட்டு வரிசை. கையேட்டில் புல்வெளியும் மணிக்கூண்டும் போட்டிருந்தார்கள். புல்வெளி எங்கே என்று லிந்தாங்காரர் கேட்டார். அது தலைமை வளாகமாம், இது நகர்ப்புறக் கிளையாம். சரி என்றோம். மின்தூக்கி வேலை செய்யவில்லை, பாட்டி மூன்று மாடி ஏறினார். நூலகம் என்று காட்டிய அறையில் இரண்டு அலமாரி, அதில் பாதி காலி. பிசியோதெரபி பயிற்சிக்கூடம் பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார், வந்ததும் காட்டுகிறேன் என்றார்கள். கடைசிவரை அவர் வரவே இல்லை. நாங்கள் கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தோம். ஒரு கட்டிலும் ஓர் எலும்புக்கூடும் தெரிந்தன. மாணவர் ஒருவரைக்கூடப் பார்க்கவில்லை. சனிக்கிழமை அல்லவா, அதனால்தான் என்றார்கள். அதுவும் சரி என்றோம்.

அப்புறம் விடுதி அறை. இதை நான் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் என் கண்ணுக்கே எல்லாம் தெரிந்தது. நான்காம் மாடியில் ஓர் அறையைத் திறந்தார்கள். இரண்டு கட்டில், இரண்டு மேசை, இளநீலத் திரைச்சீலை. பழக்கத்தில் கை தானாகத் துணியிடம் போனது. திரைச்சீலையின் அடி மடிப்பில் தையலே இல்லை. ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தார்கள், நாலு விரலுக்கு ஒன்று. மெத்தை விரிப்பில் பாக்கெட்டில் மடித்து வைத்திருந்த கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக அப்படியே நின்றன. ஒரே ஒரு ராத்திரி யாராவது படுத்து எழுந்தால் அந்தக் கோடு கலைந்துவிடும். அந்த அறையில் ஒரு பிள்ளையும் தங்கியது கிடையாது. எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பாட்டி மட்டும், "பிள்ளைங்க எங்கப்பா சமைச்சுச் சாப்பிடுங்க? குசினியக் காட்டு" என்று கேட்டார். "கீழ சாப்பாட்டுக் கடை நெறைய இருக்கு பாட்டி" என்று சிரித்தபடி கதவைச் சாத்தினார் அந்தப் பையன். அன்றைக்குக் கேட்க வேண்டியதைக் கேட்டவர் அந்தப் பாட்டி ஒருவர்தான்.

பிறகு ஏன் பணம் கட்டினாய் என்று கேட்பீர்கள். என் தங்கையும் அதைத்தான் கேட்டாள்.

கீழே கூட்டிக்கொண்டு வந்து, என் மகளுக்கு ஒரு வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டார்கள். கழுத்துப் பட்டியைச் சரிசெய்து, கல்லூரிப் பெயர்ப்பலகைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அவள் சிரித்த சிரிப்பை நான் அவளுடைய ஆறாம் ஆண்டுப் பரிசளிப்புக்குப் பிறகு பார்க்கவே இல்லை. என் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். உடனே அந்தப் பையன் எனக்குப் பக்கத்தில் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, நானும் தோட்டத்துப் பிள்ளைதான். எங்கம்மா பால்மரம் வெட்டித்தான் என்னைப் படிக்க வெச்சாங்க. உங்க பொண்ணு எனக்குத் தங்கச்சி மாதிரி. இது எடத்தப் புடிச்சு வைக்கத்தான். யு.பி.யு.வுல கெடைச்சா ஒரு காசு புடிக்காம திருப்பிக் குடுத்துருவோம். படிப்புச் செலவுக்கு பி.டி.பி.டி.என். அரசாங்கக் கடன் வந்துரும், நீங்க கையிலேருந்து எதுவும் போட வேணாம்."

அவர் அம்மா பால்மரம் வெட்டினார் என்று சொன்ன பிறகு, திரைச்சீலையில் ஸ்டேப்ளர் பின் ஏன் என்று எனக்குக் கேட்க வாய் வரவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் நம் ஆள் என்று நம்பிப் பணத்தைக் கொடுத்தே பழகியவர்கள். 1960இல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தபோது, தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித்தான் துண்டாடி விற்கப்படவிருந்த தோட்டங்களை வாங்கினார்கள். என் தாத்தாவும் கட்டியவர். அந்த நம்பிக்கை வீண் போகவில்லை. அதே நம்பிக்கையைத்தான் இந்தப் பையன் "தோட்டத்துப் பிள்ளை" என்ற ஒரு வார்த்தையில் எடுத்துக்கொண்டார். எனக்குப் பணத்தைவிட இதுதான் அதிகம் வலிக்கிறது.

அன்றைக்கே 500 வெள்ளி கட்டினோம், சீருடைக்கு என்று. நாலு நாள் கழித்து மீதி 3,850ஐ வங்கியில் போட்டேன். விண்ணப்பம் 200, பதிவு 1,500, விடுதி முன்பணம் 900, ஏதோ வளக் கட்டணம் என்று 1,250. ஆக மொத்தம் 4,350 வெள்ளி. இதில் 3,000 நான் எடுத்த கூட்டுப் பணம் (சீட்டுப் பணம்). 1,000 என் சங்கிலியை அடகு வைத்தது. மிச்சம் 350 வீட்டுக்காரர் லாரி டயருக்காக ஒதுக்கி வைத்திருந்தது. வங்கிக் கணக்கின் பெயர்கூடக் கல்லூரிப் பெயர் இல்லை, வேறு ஏதோ செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் கம்பெனி. கேட்டதற்கு "எல்லாம் ஒரே கம்பெனிதான் அக்கா" என்றார்.

மூன்று வாரம் கழித்து என் நாத்தனார் மகள் வந்திருந்தாள். அவள் ஆசிரியை. உயர்கல்விப் படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அரசாங்க அமைப்பான எம்.கியு.ஏ.வின் தகுதிப் பதிவேட்டை இணையத்தில் திறந்து பார்த்தாள். யாரும் பார்க்கலாம், காசு கிடையாது. அந்தக் கல்லூரி இருக்கிறது, பிசியோதெரபி டிப்ளோமாவும் இருக்கிறது. ஆனால் அது வேறு மாநிலத்துக் கிளையின் முகவரியில் இருக்கிறது. எங்களைக் கூட்டிக்கொண்டு போன கிளைக்கு அந்தப் படிப்பே இல்லை. அங்கீகாரம் கல்லூரியின் பெயருக்கு மட்டும் கொடுப்பதில்லை, எந்தப் படிப்பு எந்த இடத்தில் நடக்கிறது என்பதையும் பார்த்துக் கொடுப்பது என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் ஒன்றுவிட்ட தம்பி அந்தப் பக்கம்தான் வேலை செய்கிறான். அவனை விட்டு விடுதியையும் விசாரிக்கச் சொன்னேன். பிள்ளைகள் உண்மையில் தங்குவது இரண்டு தெரு தள்ளி, ஒரு டயர் கடைக்கு மேலே. ஒரு வீட்டில் எட்டுப் பெண் பிள்ளைகள்.

அதற்குள் யு.பி.யு. முடிவும் வந்தது. ஈப்போவில் உங்கு ஓமார் போலிடெக்னிக், கணக்கியல் டிப்ளோமா. அவள் கேட்ட படிப்பு இல்லை. ஆனாலும் 1969இல் ஆரம்பித்த, நாட்டின் முதல் போலிடெக்னிக், வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர். அழுதுவிட்டுச் சரி என்றாள். நாங்களும் 4,350 வெள்ளியைத் திருப்பிக் கேட்டோம்.

முதல் நாள் அந்தப் பையன், "வாழ்த்துகள் அக்கா, தங்கச்சிகிட்டச் சொல்லிருங்க. பணம் 14 வேலை நாள்ல வந்துரும்" என்றார். இருபது நாள் ஆனது. "நான் மார்க்கெட்டிங் மட்டும்தான் அக்கா, கணக்குப் பிரிவக் கேளுங்க" என்றார். கணக்குப் பிரிவில் ஒரு பெண், மேலாளர் கூட்டத்தில் இருக்கிறார் என்றார். மறுநாளும் கூட்டம். அடுத்த வாரமும் கூட்டம். ரசீதை மறுபடி அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். போலிடெக்னிக் கடிதத்தைக் கேட்டார்கள், அனுப்பினேன். வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தைக் கேட்டார்கள், அதையும் அனுப்பினேன். அப்புறம் அந்தப் பையனுக்குப் போகிற செய்திகளில் ஒற்றை டிக் மட்டும் விழ ஆரம்பித்தது. அலுவலகத்தில் கேட்டால் அவர் வேலையை விட்டு நின்றுவிட்டார் என்கிறார்கள். நின்றுவிட்டவர் போன ஞாயிற்றுக்கிழமை தெலுக் இந்தானில் ஒரு கண்காட்சி மேசையில் உட்கார்ந்திருக்கிறார், அதே நீலச் சட்டையில். என் தோழி படம் எடுத்து அனுப்பினாள்.

கடைசியாக நேற்றைய மின்னஞ்சல். நாங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தின் பின்பக்கத்தில், எந்தக் கட்டணமும் திருப்பித் தரப்படாது என்று இருக்கிறதாம். இருக்கிறது. பார்த்தேன். ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில். எங்களுக்குக் காட்டியது முன்பக்கத்தை மட்டும்தான். விடுதிக்குக் குடி போகாத பிள்ளையின் விடுதி முன்பணத்தைக்கூடத் தர மாட்டார்களாம். அளவெடுத்துக்கூடப் பார்க்காத சீருடைக்கு 500 வெள்ளி! ஒரு கவுன் தைத்தால் நான் வாங்கும் கூலி எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியுமா?

வேனில் வந்த ஆறு குடும்பத்தில் மூன்று குடும்பம் பணம் கட்டியிருக்கிறது. திரும்பி வரும்போது வேனில் எல்லாரும் முகம் தொங்கித்தான் உட்கார்ந்திருந்தோம். யாரும் வாய் திறக்கவில்லை. கோல கங்சார் அம்மா நேற்றுப் போனில் சொன்னார், "எனக்கும் ஒண்ணும் புடிக்கல, நீங்கள்லாம் சும்மா இருந்தீங்க, எனக்குத்தான் ஒண்ணும் தெரியலையோன்னு நெனச்சேன்" என்று. எனக்கும் அன்று அதே நினைப்புதான்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். நாலு சட்டை தைத்துக் கொடுக்க வேண்டியது கிடக்கிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். சுற்றிக் காட்டும் அன்றைக்கு ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள். பூட்டிய அறையைத் திறக்கச் சொல்லுங்கள், திறக்கவில்லை என்றால் கிளம்பிவிடுங்கள். எம்.கியு.ஏ. பதிவேட்டில் படிப்பின் பெயரோடு முகவரியையும் பாருங்கள். பணம் திரும்ப வரும் என்று வாயால் சொன்னால், அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். படிவத்தின் பின்பக்கத்தைப் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ரசீதையும் வாட்சாப் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். நான் நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஈப்போ போகிறேன். ரசீதில் இருக்கும் அந்த செண்டிரியான் பெர்ஹாட் பெயரிலேயே போடப்போகிறேன். மற்ற இரண்டு குடும்பமும் கூட வருகிறார்கள்.

சுங்கை சிப்புட்காரர்களுக்கு ஒன்று. வரும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அந்த வேன் மறுபடி மண்டபத்துக்கு முன்னால் வருகிறதாம், பக்கத்துத் தாமானில் இரண்டு வீட்டுக்குச் செய்தி வந்திருக்கிறது. நான் ஐந்தரைக்கே போய் அங்கே நிற்பேன். ரசீதைக் கையில் வைத்திருப்பேன். ஏறுவதற்கு முன்னால் என்னிடம் வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள்.