ஆடியில் லீவு, ஊரில் விசேஷம்: கடலூர்–புதுச்சேரிப் பயண அனுபவம்

பாரிஸ், லண்டன் பக்கம் பள்ளிக்கூடத்துக்கு நீண்ட லீவு விடுவது ஜூலையில். இங்கே ஆடி பிறப்பதும் ஜூலை நடுவில். கிறிஸ்துமஸ் லீவில் வந்தால் மார்கழி. வெளிநாட்டில் இருக்கும் நம் குடும்பங்களுக்குக் கிடைக்கிற இரண்டு பெரிய விடுமுறையும் முகூர்த்தம் இல்லாத மாதத்தில்தான் விழுகின்றன. ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் மண்டபம் தேடுவதால் அந்த வாரத்தில் எதுவும் நியாயமான விலைக்குக் கிடைப்பதில்லை. அதனால் ஆடியில் செய்யக்கூடியதை ஆடியிலேயே முடித்துவிடுவது நல்லது. குலதெய்வப் பொங்கல், மொட்டை, காதுகுத்து எல்லாம் ஆடியில் தாராளமாக நடக்கின்றன. மண்டபமும் காலியாக இருக்கும், வாடகையையும் பேசிக் குறைக்கலாம்.

அறுபதாம் கல்யாணத்துக்கு முகூர்த்த நாள் தேவையில்லை. பிறந்த மாதமும் நட்சத்திரமும்தான் கணக்கு. பலர் தவறுவது இங்கேதான். பாஸ்போர்ட்டில் உள்ள தேதியை வைத்து டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். நட்சத்திரம் பத்து நாள் முன்னோ பின்னோ வந்து நிற்கும். பிறந்த தமிழ் ஆண்டு அறுபது வருஷம் கழித்துத் திரும்பி வரும்போதுதான் மணிவிழா. பராபவ ஆண்டில், அதாவது 1966 சித்திரை முதல் 1967 பங்குனிக்குள் பிறந்தவர்களுக்கு அது 2026 சித்திரை முதல் 2027 பங்குனிக்குள் வரும். ஒரே மாதத்தில் நட்சத்திரம் இரண்டு தடவை வந்தால் பெரும்பாலும் இரண்டாவதை எடுப்பார்கள். ஐயரிடம் நாளை உறுதி செய்துகொண்டு அப்புறம் விமான டிக்கெட் எடுங்கள்.

திருக்கடையூரில் செய்வதானால் முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள். கடலூரிலிருந்து சிதம்பரம், சீர்காழி வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர். விடியற்காலையில் பெரியவர்களைக் காரில் உட்கார வைத்து அழைத்துப் போனால் ஹோமத்துக்கு முன்பே களைத்துப்போவார்கள். பேக்கேஜ் பேசும்போது கலசம் எத்தனை, மாலை யார் பொறுப்பு, டிபனும் சாப்பாடும் எத்தனை பேருக்கு என்று எழுதி வாங்குங்கள். கலச நீர் தலையில் ஊற்றும்போது தம்பதி முழுக்க நனைவார்கள், தரையும் வழுக்கும். இரண்டு துண்டும் மாற்று உடையும் பக்கத்தில் இருக்கட்டும்; மூட்டுவலிக்காரருக்கு ஓர் ஆள் கைகொடுத்தபடியே நிற்கவேண்டும்.

மொட்டை, காதுகுத்துக்குக் கடலூர்க்காரர்கள் பலர் போவது திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயில். அறநிலையத்துறைக் கோயில்களில் 2021 முதல் முடிகாணிக்கைக்குக் கட்டணம் கிடையாது. குழந்தைக்கு என்றால் புது பிளேடு போடச் சொல்லி, உங்கள் கண்ணெதிரே மாற்றுவதைப் பாருங்கள். காது குத்த ஆசாரியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைப்பதற்கு முன்பே இரண்டு காதிலும் மையால் புள்ளி வைத்து நேராக நின்று பார்க்கவேண்டும். குழந்தை அழ ஆரம்பித்த பிறகு பார்த்தால் ஒரு துளை மேலே, ஒரு துளை கீழே போய்விடும். முதலில் மெல்லிய தங்கக் கம்பி வளையமே போதும். கல் வைத்த தோட்டைப் போட்டால் திருகில் அழுக்கு சேர்ந்து சீழ் பிடிக்கும்.

இனி மண்டபம். வாடகை என்று சொல்கிற தொகையோடு செலவு முடிவதில்லை. கரண்ட் யூனிட் கணக்கு, ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, பாத்திரம், கேஸ் எல்லாம் தனி. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்றும் கேளுங்கள். சாவி வாங்கும்போதே மேனேஜரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீட்டரைப் போட்டோ எடுங்கள். காலி செய்யும்போது இன்னொன்று. பாத்திரத்தையும் எண்ணித்தான் வாங்கவேண்டும், ஒரு கரண்டி குறைந்தாலும் அட்வான்ஸில் பிடிப்பார்கள்.

சமையலில் இரண்டு வழி உண்டு: இலைக்கு இவ்வளவு என்று பேசுவது, அல்லது மளிகையை நாமே வாங்கி மாஸ்டருக்குக் கூலி கொடுப்பது. குறைந்த நாளுக்கு வருகிறவர்களுக்கு முதல் வழிதான் சரி. ஆனால் அதில் ஒரு சிக்கல். 300 இலை உத்தரவாதம் கொடுத்துவிட்டு 220 பேர் வந்தாலும் 300க்குத்தான் பணம். ஆடியில் வேலை நாளில் விசேஷம் வைத்தால் வருகிறேன் என்று சொன்னவர்களில் நிறைய பேர் வரமாட்டார்கள். ஆகவே குறைத்துச் சொல்லி, கூடுதலாக வந்தால் அதே விலைக்குப் போடுவதாகப் பேசிவையுங்கள். பந்திக்கு முன் இலைக்கட்டை எண்ணி, கடைசிப் பந்தி எழுந்ததும் மிச்சத்தை எண்ணுங்கள். கிழிந்து ஒதுக்கிய இலை கணக்கில் வருமா என்பதையும் முதலிலேயே பேசாவிட்டால் சண்டை அங்கேதான் வரும். நாமே மளிகை வாங்குவதானால் ஒரு கிலோ அரிசி 8 முதல் 10 பேருக்கு, நூறு காபிக்கு 8 லிட்டர் பால் என்று வைத்துக்கொள்ளலாம்.

விசேஷம் முடிந்த மறுநாள் எல்லாரும் வேனில் வெளியே கிளம்புவது வழக்கம். பிச்சாவரத்தில் துடுப்புப் படகையே எடுங்கள், குறுகலான கால்வாய்களுக்குள் அதுதான் நுழையும். காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் பிள்ளைகள் வெயில் தாங்கமாட்டார்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள். நடக்க முடியாதவர்களை முன்பே இறக்கி விடவேண்டும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் 22 கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் மாநில எல்லை. வாடகை வேன் எந்தப் பக்கத்துப் பதிவு, பர்மிட் யார் செலவு என்று பேசிக்கொள்ளுங்கள். புதுச்சேரி மது பாட்டிலோடு திரும்பினால் ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் வழக்கோடு வேனும் போகும். இதை உறவுக்காரப் பையன்களிடம் கிளம்பும் முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பணம் கொடுக்க எல்லாரும் ஜிபேதான் கேட்கிறார்கள். வெளிநாட்டு எண்ணில் யூபிஐ சில நாட்டு எண்களுக்கு மட்டுமே, அதுவும் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருந்தால்தான். வந்த முதல் நாளே உள்ளூர் சிம் வாங்குங்கள். ஓடிபி வராமல் ஒரு வேலையும் நடக்காது.

கல்யாணமே நடந்திருந்தால் தமிழ்நாட்டில் 90 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை போகலாம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் கல்யாணத்துக்கு முன்பே துணைத் தூதரகத்தில் திருமணத் தகுதிச் சான்று வாங்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். பதிவு அலுவலகத்தில் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டுவிட்டால் விசா மனுவில் அது வேறு ஆளாகத்தான் தெரியும். சான்றிதழ் கைக்கு வந்ததும் அந்தக் கவுன்டரிலேயே நின்று படித்துப் பாருங்கள். திருத்தம் இருந்தால் அன்றைக்கே சொல்வது சுலபம்.