கொரியா, வட அமெரிக்கா: லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் ஏன் இவ்வளவு இடைவெளி?

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற இணையவழி வீடியோ கேமில் 2013 முதல் 2017 வரை ஐந்து உலகக் கோப்பைகளையும் தட்டிச் சென்றவை தென் கொரிய அணிகள்தான், வட அமெரிக்காவுக்கோ இன்றுவரை ஒன்றுகூட இல்லை, 2018-இல் அதன் கிளவுட்9 அணி அரையிறுதிக்குப் போனதே அங்கே பெரிய சாதனை.

பணம் காரணமில்லை. என்னைக் கேட்டால் அன்றாடப் பயிற்சிதான் எல்லாமே. கொரியா சின்ன நாடு, சர்வர் பக்கத்திலேயே இருக்கிறது, பிங் (சர்வருக்குத் தகவல் போய்வரும் தாமதம்) மிகக் குறைவு, அதனால் முன்னணி வீரர்கள் எல்லாரும் ஒரே தரவரிசையில் மோதுகிறார்கள். திறமையான ஒரு பள்ளி மாணவன் மிட் லேனில் (களத்தின் நடுப்பாதையில்) கொரிய நட்சத்திர வீரர் ஃபேக்கரையே எதிர்கொண்டு, தோற்றாலும், தன் தவறு எந்த நொடியில் நடந்தது என்று கற்றுக்கொள்ளலாம். வட அமெரிக்காவில் சர்வர் சிகாகோவில், தொழில்முறை வீரர்கள் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சல்ஸில். அந்தத் தாமதத்தில் நுணுக்கமான சண்டைகளைப் பழகுவது கஷ்டம். அதனால் 2022-இல் தொழில்முறை வீரர்கள் மோதிப் பழக சாம்பியன்ஸ் கியூ என்ற தனிப் பயிற்சி ஏற்பாட்டை லாஸ் ஏஞ்சல்ஸிலேயே தனி சர்வரில் தொடங்க வேண்டியதாயிற்று.

அப்புறம் அடித்தளம். கொரியாவில் தெருவுக்குத் தெரு பிசி பாங் என்ற கணினி விளையாட்டு மையங்கள், ஸ்டார்கிராஃப்ட் என்ற பழைய கேம் காலத்து அணி விடுதிகள், 2000-இல் உருவான கெஸ்பா என்ற மின்விளையாட்டுச் சங்கம் எல்லாம் முன்பே இருந்தன. வட அமெரிக்காவோ 2017 உலக சாம்பியனான கொரிய வீரர் கோர்ஜேஜே போன்றவர்களை விலை கொடுத்துக் கூட்டிவந்தது, உள்ளூர் இளைஞர்களுக்கு வாய்ப்பு சுருங்கியது.