மாக்மாவின் 'மெகானிக் டெஸ்ட்ரக்டிவ் கொமாண்டோ': எல்பியா, சிடியா?

பிரெஞ்சு ராக் குழுவான மாக்மாவிடமிருந்து 1973இல் வந்த இந்த ஆல்பத்தை எல்பியில், அதாவது ஊசி வைத்துக் கேட்கும் இசைத்தட்டில், வாங்கலாமா, சிடி போதுமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். பல வருடங்களாக இரண்டும் என்னிடம் இருக்கின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். குழுவைத் தொடங்கிய டிரம்மர் கிறிஸ்தியான் வாண்டர் யார், வரிகளெல்லாம் ஏன் அவரே உருவாக்கிய கொபாயன் மொழியில் இருக்கின்றன என்பதற்குள் போகவில்லை, கேட்கிறவருக்கு அது தெரியும்.

அட்டையில் ஏழு பாட்டு என்று போட்டிருந்தாலும் கேட்கும்போது இது ஒரே பாட்டுதான், கிட்டத்தட்ட 39 நிமிடம். நெபேர் குதாத் என்ற தீர்க்கதரிசியை எதிர்த்து பூமியின் மக்கள் அணிவகுத்து வருகிறார்கள், நடக்க நடக்க கோபம் தணிந்து அவர் பக்கமே சாய்ந்துவிடுகிறார்கள். இந்த மனமாற்றத்தைப் புரிந்துகொள்ள வரிகளே தேவையில்லை. பியானோ ஒரே அடியை விடாமல் அடிக்கிறது, பெண்குரல்கள் ஒரு சின்னத் துணுக்கைத் திரும்பத் திரும்பப் பாடுகின்றன, அடியில் ஜானிக் டாப்பின் பேஸ் கிட்டார் உறுமிக்கொண்டே வருகிறது, எந்த இடத்தில் நாமும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தோம் என்றே தெரியாது. அப்படி ஏறிக்கொண்டிருக்கும் ஒன்றை, மூன்றாவது பாட்டு முடிந்ததும் எழுந்து போய்த் தட்டைத் திருப்பச் சொன்னால் எரிச்சல் வருமா வராதா?

சரி, அது எல்பியின் வரம்பு, ஒரே பக்கத்தில் 39 நிமிடத்தை ஒலி கெடாமல் அடைப்பது கடினம். என்னால் விட முடியாதது இரண்டாவது பக்கம். முதல் பக்கம் பதினேழரை நிமிடம்தான், இது 21 நிமிடத்தைத் தாண்டுகிறது, அதன் கடைசிப் பகுதியில்தான் மொத்தக் குரல்களும் சேர்ந்து வெடிக்கும் 'மெகானிக் கொமாண்டோ' வருகிறது. ஊசி உள்ளே போகப் போக வட்டம் சின்னதாகும், ஒவ்வொரு சுற்றிலும் அதற்குக் கிடைக்கும் தடத்தின் நீளம் குறையும், மேல் சுரங்கள் பிசிறடிக்கும். மெதுவான பியானோவோடு முடிகிற ஆல்பமாக இருந்தால் கவனிக்கவே மாட்டோம். இங்கே போய்ச் சேர வேண்டிய உச்சமே அந்தக் குறுகிய வட்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது, பாடகி ஸ்டெல்லா வாண்டரின் குரல் மற்ற குரல்களோடு கலங்கிப்போகிறது. போன மாதம் ஊசியை மாற்றி, ஊசியைத் தாங்கும் டோன் ஆர்மை அளவு வைத்துச் சரிசெய்து மறுபடி போட்டேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். தட்டைத் திருப்பியதும் 'டா ஸொய்ல் வோர்ட்ஸ் மெகானிக்' வெளி விளிம்பில், தடம் மிகத் தாராளமாக இருக்கும் இடத்தில் தொடங்குகிறது. அந்த எட்டு நிமிடத்துக்கு இணையாக எதையும் என் சிடியில் நான் கேட்டதில்லை. பேஸ் தந்தியின் உரசல் தனியாகக் கேட்கும், டிரம்ஸ் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கை நீட்டிக் காட்டலாம். அதை அடுத்து 'நெபேர் குதாத்'தில் ஆண்குரல் தனியாக அலறும்போது அறையில் வேறு யாரும் பேசக்கூடாது என்று தோன்றும், பேசினால் நான் கோபித்தும் இருக்கிறேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு, எல்பி வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். இன்றைக்கு ஒரு நல்ல பிரதிக்குக் கேட்கும் விலையைக் கொடுத்துவிட்டு, கடைசிப் பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டுமா? சிடியை வாங்குங்கள். மிச்சப் பணத்தில் 2000ஆம் ஆண்டு பாரிஸ் திரியானோன் அரங்கில் மேடையில் பதிவான மாக்மாவின் 'தெயுஸ் ஹம்தாக்' முத்தொகுதியையும் வாங்குங்கள், அதில் இந்தப் படைப்பு முழுசாக ஒரே வட்டில் இருக்கிறது. அதில் பேஸ் வாசிப்பது ஜானிக் டாப் இல்லை, அந்தக் குறை எனக்கு உண்டு. என் எல்பியை விலைக்குக் கேட்டால் மட்டும் தரமாட்டேன்.