அம்மாவின் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்த ராத்திரி: திருச்சிப் பயண அனுபவம்

இந்தத் தடவை ஊருக்குப் போனதில் ஏர்போர்ட், பேங்க், பட்டா வேலை எல்லாம் குறையில்லாமல் முடிந்தன. அதை எழுத ஒன்றுமில்லை. என்னை எழுத வைத்தது ஒரு பிடிஎஃப்.

ராத்திரி ஒன்பதரை இருக்கும். உறையூர் வீட்டில் அக்கா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவு அவள் போனுக்கு வந்தது. சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எல்லாம் தாண்டிக் கடைசிப் பக்கத்தில் ‘பி-டௌ 217’ என்று ஒரு வரி. அல்சைமர் நோயில் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம் அது. பக்கத்தில் ஒரு எண், சிவப்பு எழுத்தில். கீழே, அல்சைமர் அபாயம் அதிகம் என்று தடித்த எழுத்தில் ஒரு வாக்கியம். அக்கா அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். “என்னடி, எனக்கு என்னவாம்?” என்று அம்மா கேட்கிறாள். எண்பதை நெருங்குகிற ஒரு மனுஷிக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்த விதம் இது.

அந்தச் சோதனையை எழுதிக் கொடுத்த டாக்டர் யாருமே கிடையாது. சர்க்கரைக்கு ரத்தம் எடுக்க வழக்கமாக வீட்டுக்கு வரும் லேப் பையன், அம்மா அவன் பேரை இரண்டு தரம் கேட்டதைப் பார்த்துவிட்டு, “பாட்டிக்கு மறதி இருக்காக்கா? புதுசா மூளைப் பேக்கேஜ் வந்திருக்கு, இதே ரத்தத்துலயே பாத்துரலாம்” என்றிருக்கிறான். பையனைக் குறை சொல்ல மாட்டேன். ஊசி குத்தினதே தெரியாது என்று அம்மா அவனை மெச்சுவாள். பேக்கேஜைச் சேர்த்துவிட்டவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மறுநாள் தில்லை நகரில் அந்த லேப்புக்கே போனேன். “டாக்டர் சீட்டு இல்லாம எப்படி எடுத்தீங்க?” “பேக்கேஜுக்கு சீட்டு வேண்டாம் சார்.” “சிவப்பு எழுத்து யார் போட்டது?” “சாஃப்ட்வேரே போட்டுரும் சார்.” “இதுக்கு என்ன அர்த்தம்னு யார் சொல்லுவாங்க?” “போன் கன்சல்டேஷன் இருக்கு சார், அதுக்குத் தனியா கட்டணும்.” கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். எனக்குத்தான் கை நடுங்கியது.

நம் காலத்தில் லேப் ரிப்போர்ட் பழுப்புக் கவரில் பின் அடித்து, மேலே டாக்டர் பேர் எழுதித்தான் வரும். சாப்பாட்டுக்குப் பின் எடுக்கும் ரத்தத்துக்காக இட்லிப் பொட்டலத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். கவரைப் பிரிக்க அப்பாவுக்கே தைரியம் கிடையாது. டாக்டர் பிரித்து, கண்ணாடியை இறக்கி, நம் முகத்தைப் பார்த்துச் சொல்வார். அந்த நடுவில் நின்ற மனுஷர் இப்போது இல்லை.

நான் இருப்பது ஸ்வீடனில், மால்மோவில். பக்கத்து ஊர் லுண்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள்தான் இந்த ரத்தப் பரிசோதனையை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர்கள். 2024 ஜூலையில் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் 1,213 நோயாளிகள். ரத்தத்தை வைத்து அல்சைமரைச் சரியாகச் சொன்னது ஏறக்குறைய 91 சதவீதம். ரத்த முடிவு இல்லாமல், வழக்கமான பரிசோதனைகளோடு சொன்ன மறதிநோய் நிபுணர்கள் 73 சதவீதம், பொது மருத்துவர்கள் 61. அதனால் சோதனையே மோசடி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அல்சைமரை உறுதிசெய்ய முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுப்பதும், மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தைக் காட்டும் பெட் ஸ்கேனும் எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும்? நம் ஊருக்கு இது உண்மையிலேயே பெரிய வரம்.

ஆனால் அந்த ஆய்வில் இருந்த அத்தனை பேரும் ஞாபகக் குறைவு என்று டாக்டரிடம் வந்தவர்கள். எங்கள் மாடியில் இருக்கும் ஸ்வீடன் தாத்தாவுக்கு மறதி வந்தபோது சுகாதார நிலையத்தில் முதலில் மனைவியைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார்கள். கடிகாரம் வரையச் சொன்னார்கள். தைராய்டு, வைட்டமின் பி12, கால்சியம், தலைக்கு சிடி ஸ்கேன். அதன் பிறகுதான் மேற்கொண்டு பேச்சு. நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பு கொடுமை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

திருச்சியில் மறுநாள் சாயங்காலமே நரம்பியல் டாக்டரைப் பார்க்க முடிந்தது. மால்மோவில் கனவிலும் நடக்காது. டோக்கன் வாங்கி, கூட்டத்தில் உட்கார்ந்து, உள்ளே போனபோது ஐந்து நிமிஷத்தில் அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன். அந்தப் பெண் டாக்டர் ரிப்போர்ட்டைக் குப்புறப் போட்டுவிட்டு அம்மாவிடம் பேச ஆரம்பித்தார். பால் கணக்கு யார் பார்க்கிறார்கள்? கோலத்தில் புள்ளி தவறுகிறதா? குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுகிறதா? தெருவில் வழி குழம்பியதுண்டா? மூன்று வார்த்தை சொல்லிவிட்டு, பேச்சை மாற்றி, பிறகு திருப்பிக் கேட்டார். இரண்டு வந்தது. அக்காவிடம் தனியாக, “அப்பா போனப்புறம் தூக்கம் எப்படிம்மா?” என்றார். மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்தார். அம்மா தினமும் சளிக்கென்று போட்டுக்கொண்டிருந்த தூக்கம் வரவைக்கும் மாத்திரையை எடுத்துத் தனியே வைத்தார்.

அப்புறம்தான் அந்தச் சிவப்பு எண். சிறுநீரகம் மெதுவாக வேலை செய்தால் பி-டௌ 217 ரத்தத்தில் தங்கி, எண் ஏறித் தெரியுமாம். அம்மாவுக்குப் பல வருஷச் சர்க்கரை, கிரியாட்டினின் கூடுதல். அது அதே ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே இருந்தது! இரண்டையும் சேர்த்துப் பார்க்க அங்கே ஆள் இல்லை. “இந்தச் சோதனைக்கு ரெண்டு கோடு போடணும் சார். கீழ்க் கோட்டுக்குக் கீழ இருந்தா பெரும்பாலும் இல்ல. மேல் கோட்டுக்கு மேல இருந்தா பெரும்பாலும் உண்டு. உங்கம்மா நடுவுல இருக்காங்க, ரெண்டுங்கெட்டான். இவங்க ஒரே கோடு போட்டு ‘அதிகம்’னு அடிச்சிருக்காங்க.”

அமெரிக்காவில் 2025 மே மாதம் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அல்சைமருக்கு அனுமதித்த முதல் ரத்தப் பரிசோதனையைப் பற்றியும் சொன்னார். ஜப்பான் கம்பெனி ஃபூஜிரெபியோவின் லூமிபல்ஸ். பி-டௌ 217-இன் அளவை ரத்தத்தில் உள்ள அமிலாய்டு 42 என்ற புரதத்தின் அளவால் வகுத்துப் பார்ப்பது. சிறுநீரகக் கோளாறு இந்த விகிதத்தை அவ்வளவாக அசைக்காது. 499 பேரிடம் பார்த்ததில், உண்டு என்று வந்தவர்களில் 91.7 சதவீதமும் இல்லை என்று வந்தவர்களில் 97.3 சதவீதமும் பெட் ஸ்கேன் அல்லது தண்டுவட நீர் முடிவோடு ஒத்துப்போயின. நடுவில் மாட்டியவர்கள் 20 சதவீதத்துக்குள். அந்த அனுமதியும் 55 வயதோ அதற்கு மேலோ ஆகி, அறிகுறியோடு சிறப்பு மருத்துவரிடம் வருபவர்களுக்குத்தான். மறதியே இல்லாத முதியவர்கள் பலருக்கும் மூளையில் அமிலாய்டு படிந்திருக்கும், அவர்களை இந்த எண்ணைக் காட்டிப் பயமுறுத்தக் கூடாது என்றார்.

அம்மாவின் பி12 மிகவும் குறைவாக இருந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நீண்ட நாள் சாப்பிடுகிறவர்களுக்கு வருவதுதானாம். அதற்கு ஊசி, சளி மாத்திரைக்கு முழுக்கு, எம்ஆர்ஐ ஒன்று, சில மாதம் கழித்து மறுபடி ஞாபகச் சோதனை. அதன் பிறகும் சந்தேகம் இருந்தால் விகிதச் சோதனை. அல்சைமர் இல்லை என்று அவர் சொல்லவில்லை. “இன்னும் சொல்ல முடியாதும்மா, பாத்துச் சொல்றேன்” என்று அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னார். “சரி டாக்டரம்மா” என்று அம்மா எழுந்தாள். அந்த ராத்திரிக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

வெளிநாட்டிலிருந்து பெற்றோருக்கு இந்தப் பேக்கேஜை ஆன்லைனில் வாங்கித் தர நினைப்பவர்களுக்கு: அந்தக் காசை நரம்பியல் அல்லது முதியோர் நல மருத்துவருக்குக் கொடுங்கள். போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளும், கடைசி கிரியாட்டினின் ரிப்போர்ட்டும், கூடவே இருந்து தினமும் பார்க்கிற ஒருவரும் வேண்டும். அது பெரும்பாலும் நீங்களாக இருக்க மாட்டீர்கள், உங்கள் அக்காவாக இருப்பார். அவர் பேசட்டும்.