டி.என்.ஏ அறிக்கையில் "உறவில்லை" என்று வந்தால், என்ன சோதனை செய்தார்கள் என்று முதலில் பாருங்கள்

வெளிநாட்டுக்குப் போன சொந்தங்களைத் தேடிக்கொண்டிருக்கும் பெங்களூரு தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். "வம்சாவளி சரிபார்ப்பு" என்று விளம்பரம் செய்யும் இங்குள்ள ஒரு பரிசோதனைக் கூடம், என் அப்பாவுக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வந்த அத்தைக்கும் இரத்த உறவே இல்லை என்று முத்திரை குத்தி அறிக்கை கொடுத்தது. இருவருக்கும் சேர்த்து 32,000 ரூபாய் வாங்கினார்கள். அறிக்கை தவறு.

எங்கள் பூர்வீகம் குடியாத்தம் பக்கம். கொள்ளுத்தாத்தா பிழைப்புக்காக அல்சூர் வந்தார். அவருடைய தம்பி மதராஸில் கப்பலேறி தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குப் போய்விட்டார். 1860 முதல் 1911 வரை அப்படி ஒப்பந்தக் கூலிகளாகப் போன ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானவர்களின் கப்பல் பட்டியல்கள் இன்றும் கிடைக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, ஊர் எல்லாம் அதில் உண்டு. அந்தத் தம்பியின் பேத்திதான் பட்டியலை வைத்து எங்களைத் தேடிப் பிடித்தவர். முறைக்கு எனக்கு அத்தை. தகப்பன் பெயர் பொருந்தியது, வட ஆற்காடு ஜில்லாவும் பொருந்தியது. ஊர்ப் பெயரை மட்டும் அன்றைய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிவைத்திருந்தார். அந்த ஒரு சந்தேகத்தைத் தீர்க்கத்தான் டி.என்.ஏ சோதனைக்குப் போனோம்.

அத்தை இங்கே வந்திருந்தபோது இருவரும் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் மாதிரி கொடுத்தார்கள். "தாத்தாக்கள் இருவரும் உடன்பிறந்தவர்கள், அதை உறுதி செய்ய வேண்டும்" என்று படிவத்திலேயே எழுதினோம். கூடுதல் கட்டணத்தில் தந்தைவழி, தாய்வழிச் சோதனைகளையும் சேர்த்துவிட்டார்கள். தந்தைவழிச் சோதனை பார்ப்பது ஒய் குரோமோசோமை; பெண்ணுக்கு அது கிடையாது. தாய்வழி மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏவை ஆண்கள் தம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. ஆகவே அண்ணன் தம்பி இருவரின் பேரப்பிள்ளைகளை அதை வைத்து இணைக்க முடியாது. எங்கள் கேள்விக்கு அந்த இரண்டு சோதனைகளும் பயன்படாது என்பது மாதிரி எடுத்த அன்றே அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அறிக்கை வந்ததும் அத்தை போனில் அழுதார். "அண்ணா, அப்போ நான் யாரு வீட்டுப் பொண்ணு?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பணத்தைவிட எனக்கு ஆறாதது இதுதான்.

பயோடெக் படிக்கும் என் அண்ணன் மகள்தான் அறிக்கையின் கடைசிப் பக்கத்து அட்டவணையைக் கவனித்தாள். டி3எஸ்1358, டிஎச்01, எஃப்ஜிஏ என்று இருபது சொச்சம் குறியீடுகள். இவை எஸ்.டி.ஆர் எனப்படும் குறியிடங்கள், அதாவது டி.என்.ஏவில் ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும் இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் நமக்குத் தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள் உண்டு. குழந்தையின் தகப்பன் யார் என்று கண்டறியவும் போலீஸ் வழக்குகளில் ஆளை அடையாளம் காணவும் பயன்படுபவை. தகப்பனும் பிள்ளையும் என்றால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பிரதி பொருந்தியே ஆக வேண்டும். அரிதாக மரபணு மாற்றத்தால் ஓரிடம் தவறலாம். ஆனால் அண்ணன் தம்பியின் பேரப்பிள்ளைகளுக்கு ஓரிடத்தில் பொதுவான முன்னோரிடமிருந்து ஒரே பிரதி வந்திருக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்றுதான். இருபது இடங்களைப் பார்த்தால் ஒன்றிரண்டு பொருந்தும். முன்பின் தெரியாத இருவருக்கே தற்செயலாக அதைவிட அதிகம் பொருந்தக்கூடும். இந்தச் சோதனையால் எங்கள் கேள்விக்கு "ஆம்" என்றும் சொல்ல முடியாது, "இல்லை" என்றும் சொல்ல முடியாது. அவர்கள் துணிந்து "இல்லை" என்று எழுதிவிட்டார்கள்.

தூரத்து உறவைப் பார்க்க, மரபணுத் தொகுதி முழுவதிலும் லட்சக்கணக்கான இடங்களைப் படிக்கும் சோதனை வேண்டும். இருவருக்கும் பொதுவான துண்டுகளின் நீளத்தை சென்டிமார்கன் என்ற அலகில் கூட்டுவார்கள். அப்பா, அத்தை போல தாத்தாக்கள் உடன்பிறந்தவர்களாக இருக்கும் உறவுக்குச் சராசரியாக 230 அளவில் வரும். 40 வரை குறையலாம், 500க்கு மேலும் போகலாம். அதற்கு அடுத்த தலைமுறையில் பத்தில் ஒரு ஜோடிக்குப் பொதுத் துண்டு எதுவுமே தென்படாமல் போகலாம். அதனால் வீட்டிலேயே மூத்தவரைச் சோதிப்பது நல்லது. நம் குடும்பங்களுக்கு இன்னொன்றும் உண்டு. அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்தில் கட்டியிருப்பதால் கூட்டுத்தொகை ஏறித் தெரியும். மொத்தத்தை மட்டும் பார்க்காமல் நீளமான துண்டு எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும்.

பிறகு அத்தை டர்பனில் அந்த வகைச் சோதனை செய்தார். அப்பாவுக்கு, மூலத் தரவுக் கோப்பைக் கையில் தரும் வேறோர் இடத்தில் செய்தோம். இரண்டு கோப்புகளையும் ஜெட்மேட்ச் தளத்தில் ஏற்றி ஒப்பிட்டோம். மொத்தம் 247 சென்டிமார்கன், அதில் மிக நீளமான துண்டு 46. கப்பல் பட்டியலோடு சேர்த்துப் பார்க்கும்போது எங்களுக்கு இனிச் சந்தேகமில்லை.

முதல் கூடத்திடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "அறிக்கை கொடுத்துவிட்டோம், அத்தோடு முடிந்தது" என்றார்கள். மாதிரிகளை அழித்துவிட்டீர்களா என்று எழுத்தில் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட ஆணையத்துக்கும் போகப் போகிறேன்.

பணம் கட்டுமுன் எத்தனை இடங்களைப் படிக்கிறீர்கள், மூலத் தரவுக் கோப்பு தருவீர்களா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே இப்படி ஓர் அறிக்கை வாங்கி, அதை நம்பி யாருடனாவது பேச்சை நிறுத்தியிருந்தால், அதன் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். இருபது சொச்சம் வரிகள்தான் இருந்தால் பேச்சை நிறுத்திய அந்தச் சொந்தத்துக்கு உடனே போன் செய்யுங்கள்.